பதில் வரலன்னா என்ன அர்த்தம்?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு அம்பாசமுத்திரம். மக சென்னைல ஐடில இருக்கா. பஸ் ஏறுனா மெசேஜ், எறங்குனா மெசேஜ், சாப்பிட்டா போட்டோ. போன வாரம் ஒருநா சாயங்காலம் போன் சுவிட்ச் ஆஃப். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எனக்கு உசுரே இல்ல, அவகூட வேலை பாக்குற புள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டுட்டேன். கடைசில பாத்தா சார்ஜ் தீந்துருக்கு, "ஏம்மா ஊரையே கூட்டுத"ன்னு என்னையே ஏசுதா. எங்க அம்மைலாம் இப்படியா இருந்தாவ? எனக்குத்தான் ஏதும் கோளாறா?

அன்புள்ள தங்கச்சி,

கோளாறுலாம் ஒண்ணுமில்ல. உங்க அம்மை நம்மளவிட தைரியசாலின்னும் நான் சொல்ல மாட்டேன், அவங்களுக்கு சேதி வராம இருக்கதுதான் சாதாரணம். மெட்ராஸுக்கு ரயிலேறுன பிள்ள போய்ச் சேந்து லெட்டர் போட்டு அது வந்து சேர நாலஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் நல்லாத்தான் இருப்பான்னுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாங்க. கெட்ட சேதின்னாதான் தந்தி வரும். தந்திக்காரன் சைக்கிள் தெருவுக்குள்ள வரலன்னா எல்லாரும் சொகமா இருக்காங்கன்னு அர்த்தம். இப்ப அது தலைகீழாப் போச்சு, சத்தம் இல்லன்னாதான் பதறுதோம்.

செல்போன் வந்த உடனே இப்படி ஆகிரல. 2003 வரைக்கும் நமக்கு வர்ற போன் காலுக்கும் நம்மதான் காசு கொடுத்தோம், எவன் சும்மா பேசுவான்? ஒரு ரிங் விட்டு கட் பண்ணா ஜங்ஷன் வந்தாச்சு, அவ்வளவுதான். 2014ல வாட்ஸ்அப்ல நீல டிக் வந்துச்சு, 2016ல ஜியோ வந்து நெட்டு மலிவாச்சு, அதுக்குப் பொறவுதான் பதில் போடாதவனுக்குலாம் ஒரு காரணம் தேவைப்பட ஆரம்பிச்சுது.

2023 டிசம்பர்ல நம்ம நெல்லை, தூத்துக்குடி பக்கம் வந்த வெள்ளம் உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோட மாட்டி நின்னுச்சு, கரண்ட் போச்சு, டவருக்கும் பேட்டரி டீசல்னு ஒரு அளவுதான, பல ஊர்ல அதுவும் செத்துப் போச்சு. இங்க இருந்தவங்க மாடில பால் பாக்கெட்டுக்கும் குடிதண்ணிக்கும் அல்லாடிட்டு இருந்தாங்க, துபாய்லயும் சென்னைலயும் இருந்த பிள்ளைக போகாத போன் காலையே திருப்பித் திருப்பி போட்டுட்டு அழுதுட்டு இருந்தாங்க. 1992லயும் தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சு. அப்ப வெளியூர்ல இருந்தவங்க ரேடியோவும் பேப்பரும் பாத்துட்டு காத்துக் கெடந்தாங்க, பயம் இல்லாமலா இருந்திருக்கும், ஆனா நிமிசத்துக்கு ஒருக்க போனை எடுத்துப் பாக்குற வாதை இல்ல.

அதுக்காக போனை ஏசாதிய. ஒண்ணு கேக்கேன், மனசத் தொட்டு சொல்லுங்க, கையில போன் இல்லன்னா பொம்பளப் புள்ளையத் தனியா சென்னைக்கு வேலைக்கு அனுப்பிருப்பியளா? அந்த தைரியமும் அதுலதான் வந்துச்சு, இந்தப் பதட்டமும் அதுலதான் வருது.

மகட்ட பேசி வச்சுக்கிடுங்க. ராத்திரி ஒரு போன் போதும், பஸ் ஏறுனது எறங்குனதுலாம் வேண்டாம், பகல்ல சத்தமில்லன்னா வேலையா இருக்கான்னு வச்சுக்கிடுங்க. கூட வேலை பாக்குற புள்ள நம்பர் ஒண்ணு இருக்கட்டும், ஆனா சும்மா சும்மா அடிக்காதிய. மொத வாரம் உங்களுக்கு கஷ்டமாத்தான் இருக்கும். ரெண்டாவது வாரம் "என்னம்மா, சாப்ட்டியான்னுகூட கேக்க மாட்டுக்க"ன்னு அவளே போன் போட்டு சண்டைக்கு வருவா பாருங்க.