பாதியில் நிற்கும் அப்டேட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருப்பது பத்து ஆண்டுப் பழமையான கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம், சாதாரண ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்டேட் டவுன்லோடு ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு சதவீதத்தில் நின்றுவிடுகிறது. இணைய வேகத்தில் குறையில்லை. விண்டோஸை மீண்டும் நிறுவுவதுதான் வழி என்கிறார்கள். அது அவசியமா?

பதில்: அந்த நிலை அரிதாகவே வரும், அதைக் கடைசி முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில், டவுன்லோடு உண்மையிலேயே நின்றுவிட்டதா, அல்லது திரையில் தெரியும் எண் மட்டும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண் ஒரே சீராக ஏறுவதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைக் கவனியுங்கள். டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தை ஒட்டியே இருந்தால், இறங்கிய கோப்புகளை விரிப்பதும் சரிபார்ப்பதும் நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் நீளலாம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தி அணைப்பதுதான் பல கம்ப்யூட்டர்களில் கோளாற்றின் தொடக்கமாக அமைகிறது. டிஸ்க், நெட்வொர்க் இரண்டும் அடங்கிக் கிடந்து, எண்ணும் வெகுநேரம் அசையாமல் இருந்தால்தான் அது நின்றுபோன டவுன்லோடு.

அப்படியானால் முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் உள்ள வட்ட வடிவ பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032) தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரம் துண்டிக்கப்படும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் அப்டேட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை விண்டோஸ் ஏற்காது, இணைப்பும் கிடைக்காது. சி டிரைவில் 10 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். வைஃபை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (டேட்டா அளவுக்கு வரம்புள்ள இணைப்பு) என்று குறிக்கப்பட்டிருந்தால் அந்தக் குறியை நீக்கிவிடுங்கள்.

இவை சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், பாதியில் இறங்கிப் பழுதான கோப்புகளே காரணமாக இருக்கக்கூடும். அப்டேட்டுக்காக இறங்குபவை அனைத்தும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' என்ற ஃபோல்டரில் சேர்கின்றன. அங்குள்ள விவரமும் கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால், எத்தனை முறை முயன்றாலும் விண்டோஸ் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, அந்தப் பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட்', 'பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' ஆகிய இரண்டையும் வலது கிளிக் செய்து நிறுத்துங்கள். பிறகு அந்த ஃபோல்டரை அழித்துவிடாமல், அதன் பெயரோடு 'ஓல்டு' என்று சேர்த்துப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதே பெயரில் புதிய ஃபோல்டரை உருவாக்கிக்கொண்டு டவுன்லோடைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். ஃபோல்டர் பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லிப் பெயர் மாற்ற மறுத்தால், நிறுத்திய சர்வீஸ் தானாகவே மீண்டும் எழுந்துவிட்டது என்று பொருள். விண்டோஸின் அடிப்படைப் பகுதிகள் மட்டும் இயங்கும் 'சேஃப் மோடில்' நுழைந்து செய்தால் தடை இருக்காது. இதனால் உங்கள் சொந்தக் கோப்புகளுக்கோ, ஏற்கெனவே நிறுவப்பட்ட அப்டேட்டுகளுக்கோ பாதிப்பில்லை. பழைய அப்டேட்டுகளின் பட்டியல் மட்டும் செட்டிங்ஸில் காலியாகத் தெரியும். அப்டேட் முடிந்த பிறகு 'ஓல்டு' ஃபோல்டரை நீக்கி இடத்தை மீட்டுக்கொள்ளலாம்.

அதன்பிறகும் ஒரே ஒரு அப்டேட் மட்டும் அடம்பிடித்தால், அதன் பெயரில் 'கேபி' என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடி, கோப்பை நேரடியாக இறக்கி நிறுவுங்கள். உங்கள் விண்டோஸ் 32-பிட்டா 64-பிட்டா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 'எக்ஸ்86' என்று இருப்பது 32-பிட்டுக்கு உரியது, 86 என்ற எண்ணைக் கண்டு அதைப் பெரியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஒரே கிளிக்கில் அப்டேட்டைச் சரிசெய்யும்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. இதற்கு அவை தேவையே இல்லை.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தொடர்ந்து தரும் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத கம்ப்யூட்டருக்கு அதன்பின் வந்த மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுகள் வாரா. அவை வராததைக் கோளாறு என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: பழைய மென்பொருள் ஒன்றுக்காக விண்டோஸ் 7-ஐப் புதிதாக நிறுவினேன். அப்டேட்டுகளைத் தேடும் கட்டத்தையே தாண்ட மறுக்கிறது. இதற்கும் அதே வழிதானா?

பதில்: இங்கே ஃபோல்டரைப் பெயர் மாற்றிப் பயனில்லை. அப்டேட்டுகளின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க 'எஸ்எச்ஏ-1' என்ற பழைய முறையைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் கைவிட்டு, 'எஸ்எச்ஏ-2' முறைக்கு மாறிவிட்டது. நீங்கள் நிறுவிய விண்டோஸ் 7 அந்த மாற்றத்துக்கு முந்தையது என்பதால், புதிய முறையில் அப்டேட்டுகளில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம் அதற்குப் புரிவதில்லை. முதலில் சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கான அப்டேட்டுகளின் தொகுப்பு) இருப்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் அப்டேட் கேட்டலாக்கிலிருந்து கேபி4490628, கேபி4474419 ஆகிய இரண்டையும் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, இதே வரிசையில் நிறுவி, ரீஸ்டார்ட் செய்தபின் தேடிப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டதால், கிடைப்பவை பெரும்பாலும் அதுவரை வெளியானவையே. ஆகவே அந்த அப்டேட்டுகளை நிறுவியபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள்.