ஐஸ் ஹாக்கியில் 'ட்ரேட்' என்றால் என்ன? ஐரோப்பியக் கால்பந்தில் அது ஏன் இல்லை?

ட்ரேட் என்பது வீரர்களைப் பண்டமாற்று செய்வது. எங்கள் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் உப்பு வண்டி வந்தால் நெல்லை அளந்து கொடுத்து உப்பு வாங்குவார்கள். நெல்லிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-லிலும் அப்படித்தான். ஓர் அணி தன் வீரரைக் கொடுத்து வேறு வீரரையோ, ஆண்டுதோறும் பல சுற்றுகளாக நடக்கும் தேர்வில் ஓர் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ பெறும். ஒப்பந்தமும் வீரரோடு போய்விடும். 2005 முதல் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு இருப்பதால், பணத்தைக் கொட்டி மட்டும் அணியை வளர்க்க முடியாது.

1988-இல் கனடாவின் எட்மண்டன் அணி தன் பெரும் நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியையும் இன்னும் இருவரையும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு இரண்டு வீரர்கள், மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள், ஒன்றரைக் கோடி டாலர். ஊரே கொதித்தது, கோபம் அணி உரிமையாளர் மீது பாய்ந்தது.

ஐரோப்பியக் கால்பந்தில் வீரர் சம்மதிக்காமல் அணி மாற்ற முடியாது. அதனால்தான் 2000-இல் பார்சிலோனாவிலிருந்து பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குத் தானே சம்மதித்துப் போன நட்சத்திர வீரர் லூயிஸ் ஃபிகோவை பார்சிலோனா ரசிகர்கள் மன்னிக்கவே இல்லை. அந்த வலி எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் ட்ரேட் ஆன ஹாக்கி வீரரைத் துரோகி என்பது தவறு: 'என்னை மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு மறுக்கும் உரிமையே கிடையாது.