உழைப்புக்கு முழு வரி, மனைக்கு மட்டும் சலுகையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வரிச் சீர்திருத்தம் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றியவைதான். வருமான வரியில் ஆரம்பிப்பவர்கள் நாலாவது வரியிலேயே வாடகைக்கு வந்துவிடுகிறார்கள். அது தற்செயல் இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பா ஒற்றைச் சம்பளத்தில் முப்பது வயதில் வீடு வாங்கினார். நாங்கள் கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கிறோம். முப்பத்தைந்து வயதாகியும் முன்பணம்கூடச் சேரவில்லை. "உங்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்கிறார். தவறு எங்கள் மீதா?

இல்லை. போன வருடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் தன் நோட்டை என் மேசையில் விரித்து வைத்தார். மாதாமாதம் சேமித்த தொகை பேனாவில் இருந்தது. பக்கத்தில், சேர்க்க வேண்டிய முன்பணம் பென்சிலில். அந்தப் பென்சில் எண்ணை அழித்து அழித்து எழுதியதில் தாளே அந்த இடத்தில் மெலிந்து போயிருந்தது.

அவர் கணக்கை எளிமையாக்கிச் சொல்கிறேன். வீட்டு விலை ஆண்டு வருமானத்தைப் போல 4 மடங்கு, முன்பணம் விலையில் 20 சதவீதம் என்று வையுங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பவர் 8 வருடத்தில் முன்பணத்தை எட்டிவிடுவார். உங்கள் அப்பா தலைமுறையில் பலருக்கு இருந்த நிலை கிட்டத்தட்ட இதுதான். இப்போது விலை 9 மடங்கு என்றால் அதே சேமிப்புக்கு 18 வருடம் ஆகும், அதுவும் விலை அசையாமல் நின்றால். விலை வருடத்துக்கு 5 சதவீதமும் சம்பளம் 2 சதவீதமும் ஏறினால், 10 வருடம் கழித்துத் தேவைப்படும் முன்பணம் அன்றைய சம்பளத்தில் 2.4 வருடத் தொகை. கையில் இருப்பது 0.9 வருடத் தொகை. ஆரம்பிக்கும்போது 1.8 ஆக இருந்த பற்றாக்குறை, பத்து வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியும் 1.5-க்குத்தான் குறைந்திருக்கிறது. இதில் சிக்கனத்துக்கு என்ன வேலை?

அப்பா தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 1980-களில் பல நாடுகளில் கடன் வட்டி இன்றைவிட மிக அதிகம். முதல் சில வருடங்கள் அவர் நிஜமாகவே கஷ்டப்பட்டிருப்பார். ஆனால் விலைவாசியோடு சம்பளமும் ஏறியதால் தவணை வருடத்துக்கு வருடம் லேசானது. அப்புறம் வந்த முப்பது வருடங்களில் வட்டி படிப்படியாக இறங்கியது. வட்டி இறங்கினால் அதே தவணைக்குப் பெரிய கடன் கிடைக்கும், அந்தப் பெரிய கடன் வீட்டு விலையில் போய் உட்காரும். அதன் பலன் ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்களுக்குப் போனது. நீங்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள், அவ்வளவுதான்.

சம்பளம் ஏறாததற்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்? வரி விகிதத்தைத்தான் அரசு ஏற்றவில்லையே?

விகிதத்தை ஏற்றாமலே வரியை ஏற்ற முடியும். வரி வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தாமல் அப்படியே விட்டால் போதும். பிரிட்டனில் வரியில்லா வருமான வரம்பு 2021-லிருந்து 12,570 பவுண்டிலேயே நிற்கிறது. விலைவாசிக்கு ஈடாகச் சம்பளம் உயர்ந்தாலும், அந்த உயர்வு முழுவதும் வரிக்கு உட்பட்டுவிடுகிறது. வாங்கும் சக்தி கூடவே இல்லை, வரி மட்டும் கூடிவிட்டது. வரம்புகள் விலைவாசிக் குறியீட்டோடு தானாக உயர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

சம்பளத் தேக்கத்துக்கு வரி மட்டும் காரணம் இல்லை. தொழிற்சங்கங்கள் வலுவிழந்தது, ஒப்பந்த வேலை பெருகியது, இப்படிப் பல உண்டு.

வீட்டு விலைக்கும் வரிச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா, அல்லது அது அரசியல் பேச்சா?

இருக்கிறது. எனக்கு மிகவும் கோபம் வருவதும் இங்கேதான்.

ஒரு செவிலியர் ஒரு வருடம் இரவுப் பணி பார்த்துச் சம்பாதித்த தொகையும், அதே வருடத்தில் ஒரு காலி மனையின் விலை ஏறிய தொகையும் சமம் என்று வையுங்கள். செவிலியரின் வரி, சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்பட்டுவிடும். மனைக்காரருக்கு விற்கும்வரை பெரும்பாலும் வரி இல்லை. விற்கும்போதும் பல நாடுகளில் சலுகை காத்திருக்கும். ஆஸ்திரேலியா 1999-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் பாதிதான் வரிக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் 1997 முதல், குடியிருந்த வீட்டை விற்ற லாபத்தில் தனிநபருக்கு 2,50,000 டாலர், தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை வரி கிடையாது.

அந்த மனையின் விலை ஏன் ஏறியது? பக்கத்தில் ரயில் நிலையம் வந்திருக்கும், பள்ளி, மருத்துவமனை வந்திருக்கும். அவற்றைக் கட்டியது யார் பணம்? அந்தச் செவிலியர் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. தன் வரியால் விலை ஏறிய மனையைத்தான் அவரால் வாங்க முடியவில்லை.

உழைப்பின் மீதுள்ள வரியைக் குறைத்து, அந்த இடத்தை நில மதிப்பின் மீதான வரியால் நிரப்ப வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இது புதிய யோசனை இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கப் பொருளாதார எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் ஊர் ஊராகப் பேசியது இதைத்தான். எஸ்தோனியா 1993 முதல் கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்துக்கு மட்டும் வரி போடுகிறது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், வீடு வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து அதற்குப் பதில் நில மதிப்பை வைத்துப் போடும் ஆண்டு வரியை உயர்த்தும் 20 வருடத் திட்டம் 2012-இல் தொடங்கியது.

நில வரி போட்டால் வீட்டுக்காரர் அதை என் வாடகையில்தானே ஏற்றுவார்?

நியாயமான பயம். ஆனால் வாடகையைத் தீர்மானிப்பது வீட்டுக்காரரின் செலவு இல்லை. காலியாக எத்தனை வீடு இருக்கிறது, குடிவருபவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதுதான். கூடுதலாகக் கேட்க முடியும் என்றால் அவர் இன்றைக்கே கேட்டிருப்பார். கட்டடத்துக்கு வரி போட்டால் கட்டுவது குறைந்து வாடகை ஏறும். நிலத்தை யாரும் உற்பத்தி செய்வதில்லை. அதனால் வரிக்குப் பயந்து நிலம் குறையாது. சொல்லப்போனால், சும்மா போட்டு வைத்த மனை வீடாக மாறும்.

ஆஸ்திரேலியாவில் வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் சலுகையை 1985-இல் நிறுத்தி, வாடகை ஏறிவிட்டது என்ற கூச்சலுக்குப் பின் 1987-இல் திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையில் வாடகை வேகமாக ஏறியது சிட்னியிலும் பெர்த்திலும்தான். அங்கே ஏற்கெனவே காலி வீடுகள் மிகக் குறைவு. சலுகை நின்றதுதான் காரணம் என்றால் எல்லா நகரத்திலும் ஏறியிருக்க வேண்டுமே.

எனக்கு 70 வயது. வீட்டின் மதிப்பு அதிகம், ஓய்வூதியம் குறைவு. மனைவியோடு 40 வருடம் வாழ்ந்த வீடு. நில வரி வந்தால் என்னை வெளியேற்றிவிடும் அல்லவா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களை வெளியேற்றும் சீர்திருத்தத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அதற்கு வழி இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைத் தாண்டியவர்கள் சொத்து வரியைத் தள்ளிப்போடலாம். வீடு கைமாறும்போது வட்டியோடு அது கழித்துக்கொள்ளப்படும். அதுவரை வீடும் உங்களுடையது, ஓய்வூதியமும் உங்களுடையது.

முதியவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி எல்லாருக்கும் வரியை உறையவைப்பதுதான் தவறான வழி. கலிஃபோர்னியாவில் 1978-இல் அதைச் செய்தார்கள். சொத்து வரி விலையில் 1 சதவீதம், மதிப்பீடு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, விற்றால்தான் சந்தை விலைக்கு மாறும். இன்று ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில், போன வருடம் வாங்கிய இளம் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரரைவிடப் பல மடங்கு வரி கட்டுகிறது. வரி ஏறிவிடுமே என்று பழையவர்களும் வீடு மாறத் தயங்குகிறார்கள்.

முதல் வீடு வாங்குபவர்களுக்கு அரசு மானியம் கொடுத்தால் பிரச்சினை தீருமா?

தீராது. வீட்டு எண்ணிக்கை கூடாத இடத்தில் எல்லார் கையிலும் ஒரே தொகையைக் கொடுத்தால், ஏலத்தில் அந்தத் தொகை விலையோடு சேர்ந்துகொள்ளும். மானியம் உங்கள் வழியாக விற்பவருக்குப் போகும்.

வரியை மாற்றினால் மட்டும் போதுமா?

போதாது. கட்ட அனுமதிக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் நகரின் பெரும்பகுதியில் அடுக்குவீடு கட்ட விதியைத் தளர்த்தியது. அதன்பின் கட்டட அனுமதிகள் வேகமாகப் பெருகின. சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய வீட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளில்தான் இன்றும் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வசிக்கிறார்கள். வியன்னா 1920-களிலிருந்து நகராட்சி வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடுகிறது.

என் நண்பனுக்கு அவன் பெற்றோர் முன்பணம் கொடுத்தார்கள். எனக்கு யாரும் இல்லை. இதைத் தலைமுறைச் சண்டை என்று சொல்வது சரியா?

சரியில்லை. உங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே வேலை, ஒரே சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோருக்கு வீடு இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். சம்பளத்தால் வாங்க முடியாத வீடு வாரிசு உரிமையால் மட்டுமே கிடைக்கும் நிலைக்குத்தான் நாம் போய்க்கொண்டிருக்கிறோம். பல நாடுகளில் பெற்றோர் சொத்தாக வருவதற்கு, உழைத்துச் சம்பாதிப்பதைவிடக் குறைந்த வரி. எனக்கு இது மனதை உறுத்துகிறது.

எல்லாம் மாறும்வரை நான் என்ன செய்வது? வாங்கவா, வாடகையிலேயே இருக்கவா?

தவணையையும் வாடகையையும் ஒப்பிடாதீர்கள். தவணையில் அசல் உங்களிடமே திரும்பும். திரும்பி வராத வருடச் செலவை மட்டும் கூட்டுங்கள்: கடன் வட்டி, சொத்து வரி, பராமரிப்பு, முன்பணத்தை வேறு எங்காவது போட்டிருந்தால் வந்திருக்கும் வருமானம். அந்தக் கூட்டுத்தொகை ஒரு வருட வாடகைக்குப் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம். ஒன்றரை மடங்கைத் தாண்டினால், விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டுமே வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். ஐந்து வருடத்துக்குள் வேலைக்காக இடம் மாற வேண்டியிருக்கும் என்றால் வாங்க வேண்டாம், பதிவுச் செலவும் தரகும் சேமிப்பைத் தின்றுவிடும். வாடகையில் இருப்பது என்று முடிவெடுத்தால், மிச்சமாகும் பணத்தை முதல் தேதியே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.