மாடு ஓட்டிப்போக மன்னரா வரவேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கணினி விளையாட்டில் ராஜ்யம் பெரிதாகிவிட்டது, உட்கார்ந்து ஆடும் நேரமெல்லாம் எடுபிடி வேலையிலேயே போய்விடுகிறது. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பேனர்லார்ட் என்ற இடைக்காலப் போர் விளையாட்டில் ஊர்ப் பெரியவர்கள் தரும் சில்லறை வேலைகளைச் செய்யாவிட்டால் நல்ல வீரர்கள் கிடைப்பதில்லை. செய்தாலோ போருக்கு நேரமில்லை. என்ன செய்வது?

வேலையை ஏற்கும் உரையாடலிலேயே, நீங்கள் போவதற்குப் பதில் உங்கள் தோழர் ஒருவரை அனுப்பும் வாய்ப்பும் பல வேலைகளில் வரும். நிறையப் பேர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். எந்தத் திறன் வேண்டும், எத்தனை வீரர்கள் கூடப் போகவேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று அங்கேயே தெரிந்துவிடும். திறன் குறைந்த ஆளை அனுப்பினால் காரியம் கெடலாம். சரியான ஆள் போனால் ஊரில் உங்களுக்கு மதிப்பு கூடும், போனவருக்கும் அனுபவம் சேரும்.

மந்தையை இன்னோர் ஊருக்கு ஓட்டிப்போகும் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுங்கள். ஆட்களைவிட மாடுகள் அதிகமானால் உங்கள் படை நத்தை வேகத்தில்தான் நகரும்.

ஆனால் யாரை அனுப்புகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஒருமுறை என் படையின் ஒரே வைத்தியரை இப்படி அனுப்பிவிட்டேன். மறுநாளே பெரிய சண்டை. வழக்கமாகக் காயத்தோடு தப்பும் மூத்த குதிரைவீரர்கள் வரிசையாக இறந்தார்கள். வைத்தியம், சாரணம், தளவாடம் என்று பொறுப்பில் இருப்பவர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எடுபிடி வேலைக்கென்றே இரண்டு பேரைத் தனியாக வளர்ப்பது நல்லது.

கேள்வி: அதே ஆட்டத்தில், பிடித்த நகரத்துக்கு யாரை ஆளுநராகப் போடுவது?

அந்த ஊரின் கலாசாரத்தைச் சேர்ந்தவரை. நாள்தோறும் விசுவாசம் சற்று ஏறும். மற்றத் திறன்களை அப்புறம் பாருங்கள்.

கேள்வி: அரச வம்சத்தை நடத்தும் க்ரூசேடர் கிங்ஸ் 3 விளையாட்டில் என் மந்திரி சபையில் திறமைசாலிகள்தான் இருக்கிறார்கள். ஆனாலும் என் அரசர்கள் ஒவ்வொருவராகக் கொலையாகிறார்கள். ஏன்?

உங்கள் ஒற்றர் தலைவருக்கு உங்களைப் பிடிக்குமா என்று பார்த்தீர்களா? காரியக்காரர், படைத்தலைவர் பதவிகளுக்குத் திறன் எண்ணைப் பார்த்து ஆள் போடலாம். அவர்கள் சொதப்பினால் போவது வரியும் கொஞ்சம் படைபலமும்தான், அடுத்த ஆண்டே ஆளை மாற்றிச் சரிசெய்யலாம். ஒற்றர் தலைவர் கைவிட்டால் போவது உயிர். என் கணக்கில் ஒரு வேலையை ஒப்படைக்கலாமா கூடாதா என்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும்: கெட்டுப்போனால் திரும்ப எடுக்க முடியுமா?

வெறுப்போடு இருக்கும் ஒற்றர் உங்களுக்கு எதிரான சதியிலேயே சேர்ந்துகொள்வார். எனவே திறன் சுமாராக இருந்தாலும் பாசமுள்ளவரைப் போடுங்கள். பெண்களுக்கு மற்றப் பதவிகளைத் தராத மதங்களிலும் இந்தப் பதவி கிடைக்கும், ஆகவே தாயார் பெரும்பாலும் நல்ல தேர்வு. சபையில் இடம் கேட்டு முறைக்கும் பலமான சிற்றரசர்களை மற்ற நாற்காலிகளில் உட்காரவையுங்கள்.

கேள்வி: அதே ஆட்டத்தில், எனக்குக் கீழுள்ள இருபது கோமான்களுக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறைக்க வழி உண்டா?

ஒருவருக்குக் கோமானைவிட மேலான டியூக் பட்டம் கொடுத்து, அந்தப் பகுதிக் கோமான்களை அவருக்குக் கீழே மாற்றுங்கள். நான்கைந்து பேரின் தொல்லை ஒருவருடையதாகிவிடும். ஒருவருக்கே இரண்டு டியூக் பட்டம் மட்டும் வேண்டாம், நாளைக்குக் கலகக்கூட்டத்தின் தலைவர் அவராகத்தான் இருப்பார். உங்கள் நேரடி ஆட்சியில் வரம்புக்கு மேல் இருக்கும் மாவட்டங்களையும் பிடிவாதமாக வைத்திருக்காதீர்கள். வரம்பு மீறினால் உங்கள் சொந்த நிலங்களின் வரியும் படையும் குறைகின்றன, தாராளமாகக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒப்படைத்த பிறகு எவ்வளவு அடிக்கடி எட்டிப்பார்க்க வேண்டும்?

போர் முடியும்போதெல்லாம் ஒருமுறை. நிஜ அரசர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி பல ஆண்டுகள் பிரான்ஸ் பக்கமே இருந்துவிட்டு 1170-இல் திரும்பியதும், மாவட்டங்களை நிர்வகித்த ஷெரிஃபுகள் மீது விசாரணை வைத்துப் பெரும்பாலோரை நீக்கினார். ஆட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் போதும். மந்திரிகள் எந்த மாவட்டத்தில் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பாருங்கள். புதிதாகப் பிடித்த இடத்தில் ‘கட்டுப்பாடு’ என்ற எண்ணை உயர்த்த அனுப்பிய படைத்தலைவர், அது நூறைத் தொட்ட பிறகும் அங்கேயே இருப்பார். அடுத்த இடத்துக்கு அனுப்பவேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் புதிய பதிப்பில் வயலைத் தானாக விதைக்கவும் சாரணரைத் தானாகச் சுற்றவும் விடலாமா?

வயலை, தயங்காமல். சாரணரை, முதல் சில நிமிடம் நீங்களே ஓட்டி ஆடுகளைத் தேடிப் பிடித்த பிறகு.