வேஸ்ட்டில் செய்யச் சொன்னால் எதற்குக் கடைக்குப் போகிறீர்கள்?

கேள்வி: என் மகள் யுகேஜி படிக்கிறாள். 'வேஸ்ட்டில் இருந்து பெஸ்ட்' என்று பள்ளியில் ஏதாவது செய்து கொண்டுவரச் சொன்னார்கள். தெர்மாகோல், கிளிட்டர், சார்ட் பேப்பர், பசை என்று 600 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. பாட்டிலை வெட்டி மயில் செய்தது நானும் என் கணவரும்தான். பரிசும் கிடைத்தது. ஆனால் அன்று சாயங்காலமே பஸ் ஜன்னல் வழியாக பிஸ்கட் கவரைத் தூக்கிப் போடுகிறாள். குப்பை, மறுசுழற்சி எல்லாம் இந்த வயதுக் குழந்தைக்கு எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது? அடுத்த மாதம் இன்னொரு புராஜெக்ட் வேறு இருக்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் மகள் மேல் தப்பு இல்லை அம்மா. நாம் காட்டியதை அவள் சரியாகவே கற்றிருக்கிறாள். கடையில் பொருள் வாங்க வேண்டும், அப்பாவும் அம்மாவும் ராத்திரி உட்கார்ந்து ஒட்ட வேண்டும், காலையில் கைதட்டல் வாங்க வேண்டும். இவ்வளவுதான் அவள் பார்த்தது. இதில் குப்பை எங்கே வந்தது?

அந்த மயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டாத, சுத்தமான தண்ணீர் பாட்டிலுக்குப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் விலை உண்டு. அங்கிருந்து ஆலைக்குப் போய், துகளாகி, உருகி, துணி நெய்யும் நூலாகக்கூட ஆகும். அதே பாட்டிலில் பெயின்ட் அடித்து, பசை தடவி, கிளிட்டர் தூவிவிட்டால் கடைக்காரர் கையில்கூட வாங்கமாட்டார். ஷோகேஸில் இரண்டு மாதம் இருந்துவிட்டு மாநகராட்சித் தொட்டிக்குத்தான் போகும். மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருளை நம் கையாலேயே தடுத்து நிறுத்திவிட்டு, அதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைக்கிறோம். அதனால் என் முதல் வேண்டுகோள்: விலைக்குப் போகும் எதையும் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். பாட்டில், அட்டைப்பெட்டி, டின், செய்தித்தாள் எல்லாம் அப்படியே கடைக்குப் போகட்டும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்த் தராசில் வைத்து, வரும் காசை அவள் கையில் கொடுங்கள்.

அலங்காரத்துக்கான தெர்மாகோலை நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். தடை செய்த பொருளை வாங்கிவரச் சொல்லிப் பள்ளியில் இருந்தே டைரியில் எழுதி அனுப்புகிறார்கள், ஸ்டேஷனரி கடையில் வாசலிலேயே அடுக்கி வைத்து விற்கிறார்கள். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அபராதம் என்று கிளம்பினால் கீரை விற்கும் பாட்டியின் பிளாஸ்டிக் பைதான் அதிகாரிகள் கண்ணுக்குத் தெரிகிறது. கிளிட்டரும் பொடியாக்கிய பிளாஸ்டிக்தான். கூட்டித் தள்ளினால் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து அதைப் பொறுக்கியெடுக்க யாராலும் முடியாது.

இந்த 'வேஸ்ட்டில் இருந்து பெஸ்ட்' புராஜெக்டை வைத்துப் பிழைக்க ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. அடுத்த புராஜெக்டுக்கு முன்னால் இவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் ஆள், 'ரெடிமேட் புராஜெக்ட்' விற்கும் கடைக்காரர். புத்தம் புது ஐஸ் குச்சி, புதுக் காகிதக் கோப்பை, புது அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'வேஸ்ட் கிட்' என்று எழுதி விற்பார். குப்பையைக் காசு கொடுத்து வாங்கும் ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும். இரண்டாவது, பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் 'பசுமைப் பயிலரங்கு' நடத்தி, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, லேமினேஷன் போட்ட சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறவர். லேமினேஷன் போட்ட காகிதத்தை மறுசுழற்சிக்கு எடுக்கமாட்டார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மூன்றாவது ஆள்தான் மோசம். ஆயிரக்கணக்கான பாட்டில் மூடிகளை வைத்து 'உலக சாதனை' என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிற ஏற்பாட்டாளர். மூடி போதாமல் பெற்றோர் புது பாட்டில் வாங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியைக் கொடுத்தனுப்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'ஒரு குழந்தைக்கு ஐந்து கிலோ பழைய பேப்பர்' என்று போட்டி வைத்தாலும் இதே கதைதான். பேப்பர் வாங்காத வீட்டார் கடையில் போய்ப் பழைய பேப்பரை விலைக்கு வாங்கிக் கொடுப்பார்கள். இந்த மூவரில் யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

ஜன்னலில் இருந்து ஆரம்பிப்போம். குழந்தை கவரை வெளியே போட்டது ஏன்? தின்று முடித்ததும் கையில் பிசுபிசுவென்று ஒன்று இருக்கிறது, அதை வைக்க இடமில்லை. இடத்தை நாம் கொடுக்க வேண்டும். பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பை தெரியுமல்லவா, அதுபோல ஒன்றைப் பழைய ரவிக்கைத் துணியில் தைத்துக் கொடுங்கள். காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கிய வெண்டைக்காயைக் குழைத்த மஞ்சளில் தோய்த்து அவளே துணியில் அச்சுக் குத்தட்டும். பூப்பூவாக விழும். கயிற்றை இழுத்து மூடுவது அந்த வயதில் விளையாட்டு. வெளியே போனால் கவர், டிக்கெட், டிஷ்யூ எல்லாம் அதற்குள்ளே போய் வீடு வரை வரட்டும். நீங்களும் உங்கள் கணவரும் உங்கள் டிக்கெட்டை அவளிடம் கொடுத்து, 'உன் பையில் போடும்மா' என்று கேளுங்கள். நீங்களே ஜன்னல் வழியாகப் போட்டால் எந்த புராஜெக்டும் உதவாது.

அடுத்தது, புதைத்துப் பார்ப்பது. அடியில் ஓட்டை விழுந்த பழைய வாளியில் செடி மண்ணை நிரப்பி வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, செய்தித்தாள் துண்டு, பிஸ்கட் கவர் நான்கையும் தனித்தனியாகப் புதையுங்கள். எது எங்கே என்று கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அவளே படம் வரையட்டும். மண் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால் தோலும் தண்டும் கறுத்து உதிரும், தாள் கிழிந்து இற்றுப் போயிருக்கும். பிஸ்கட் கவரைக் கழுவினால் எழுத்தைப் படிக்கலாம். அவளே படித்துக் காட்டட்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது காகிதம் செய்வதுதான். நிஜமான மறுசுழற்சி முழுவதையும் ஐந்து வயதுக் குழந்தை தன் கையால் செய்து முடிக்க முடியும். எழுதி முடித்த ரஃப் நோட்டில் ஏழெட்டுத் தாள் போதும். ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்டு நகக்கண் அளவுக்குக் கிழிக்கச் சொல்லுங்கள், கிழிப்பது அவர்களுக்குக் கொண்டாட்டம். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் பழைய மிக்சி ஜாரில் ஒரு கைப்பிடி ஊறிய காகிதம், நிறையத் தண்ணீர், விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று. இது மட்டும் உங்கள் வேலை. அகலமான டப்பில் தண்ணீரோடு இந்தக் கூழைக் கலக்கி, மாவுச் சல்லடையை உள்ளே விட்டு, சாயாமல் மேலே தூக்குங்கள். கூழ் சல்லடையில் தங்கும், தண்ணீர் இறங்கிவிடும். பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, சல்லடையின் பின்பக்கம் ஸ்பாஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு மெதுவாகத் தூக்கினால் வட்டமாக ஒரு தாள் துணியில் இருக்கும். முதல் தாள் கிழிந்தால் கூழ் போதவில்லை என்று பொருள், இன்னும் கொஞ்சம் சேருங்கள். மதுரை வெயிலுக்கு ஒரு நாளில் காய்ந்துவிடும். அரைத்த பிறகு கூழில் தண்டுக்கீரை விதை கொஞ்சம் தூவினால், பின்னாளில் அந்தத் தாளையே மண்ணில் நட்டுக் கீரை வளர்க்கலாம். ஈரத்திலேயே வைத்திருந்தால் விதை தாளிலேயே முளைத்துவிடும், அதனால் சீக்கிரம் காய வைக்க வேண்டும். மிச்சக் கூழை சிங்க்கில் ஊற்றாதீர்கள், செடிக்குப் போடுங்கள்.

ஊற வைக்கும்போது ஒரு டீக்கடைக் காகிதக் கோப்பையையும் கூடவே போடுங்கள். மறுநாள் கிழித்துப் பார்த்தால் உள்பக்கத்தில் இருந்து மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். காகிதம் என்று நம்பியதற்குள் பிளாஸ்டிக் இருந்ததைக் குழந்தை மறக்கவே மாட்டாள். இந்தக் கோப்பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைப்பட்டியலில் இருப்பதுதான்.

விலைக்குப் போவதை வெட்டாதீர்கள் என்றேன். அப்படியானால் கைவினைக்கு எதைத்தான் எடுப்பது என்பீர்கள். உள்பக்கம் வெள்ளியாக மின்னும் தின்பண்டக் கவர்களை எடுங்கள். சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு சாஷே, காபித்தூள் பாக்கெட் போன்றவை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை என்பதால் எளிதில் பிரித்தெடுக்க முடியாது, பழைய பேப்பர் கடையிலும் வாங்கமாட்டார்கள். கையில் கசக்கிவிட்டுப் பாருங்கள், பொசுக்கென்று விரிந்துகொண்டால் இந்த வகை. கழுவிக் காயவைத்து, நீளமாக வெட்டி, பாய் பின்னுகிற மாதிரி மேலும் கீழுமாகக் கோத்துப் பின்னச் சொல்லுங்கள். பசையே வேண்டாம். ஆனால் பால் கவர் இந்தக் கணக்கில் வராது. அது ஒரே வகை பிளாஸ்டிக், கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் கடையில் எடுப்பார்கள், அதனால் அதைத் தொடாதீர்கள். பால் கவரின் மூலையைத் தனியாக நறுக்கி எடுக்கவும் வேண்டாம், அந்தத் துணுக்கு சிங்க் வழியாகப் போய்விடும், ஒரு ஓரம் ஒட்டியபடி வெட்டுங்கள். பிரெட் கவரும் பெரும்பாலும் ஒரே வகைதான், உள்ளே வெள்ளி இருக்காது. வெள்ளிக் கவர்களை பாட்டிலுக்குள் திணித்து 'செங்கல்' செய்யச் சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள், விலைக்குப் போகிற பாட்டிலும் சேர்ந்து வீணாகும். இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கவரில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

இந்தக் கவரையும் உபயோகிக்க வழி கண்டது உங்கள் ஊர்தான். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் துருவி, சூடான ஜல்லியில் தூவி உருக்கிப் பூசி, அதன்மேல் தார் கலந்து சாலை போட்டுக் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுத்த வேகத்தில், வீட்டுக் கவரைத் தனியாக வாங்கிச் சாலைக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்திருக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகள் சீக்கிரமே கேட்பாள். வீட்டில் பிரித்துக் கொடுப்பதை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், 'ஏம்மா பிரிச்சோம்?' என்பாள். பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், கலக்காமல்தான் கொண்டுபோக வேண்டும் என்று 2016-லேயே விதி எழுதிவிட்டார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கலந்த குப்பை மாநகராட்சியின் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகிறது என்றால், அது குழந்தைகளை வைத்துப் பேரணி நடத்தித் தீர்க்கிற விஷயம் இல்லை. வண்டியில் இருக்கும் தூய்மைப் பணியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், இரண்டு அறை உள்ள வண்டியை அவருக்குக் கொடுக்காதவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரைக்கும் காய்கறிக் கழிவை வாளி மண்ணில் போடுங்கள், காய்ந்த குப்பையை நேராகப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோங்கள். மாநகராட்சி வண்டிக்குக் கொடுப்பது அப்புறம் கொஞ்சம்தான் இருக்கும்.

அடுத்த மாதப் புராஜெக்டுக்கு அவள் செய்த இரண்டு வட்டத் தாளையும் காலண்டர் பின்பக்கப் படத்தையும் கொடுத்தனுப்புங்கள். கூடவே டைரியில் டீச்சருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: 'இதைக் குழந்தையே செய்தாள். எதுவும் வாங்கவில்லை.' பளபளப்பு இல்லை என்று மார்க் குறைத்தால் குறைக்கட்டும், யுகேஜி மார்க்கைப் பின்னால் யாரும் கேட்கப்போவதில்லை.