ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலும் சட்டப்படி கிடைக்கும் கஞ்சாவும்

தம்பி, கேள்வியைப் படித்தேன். கனடா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கார் விபத்தில் விலா எலும்புகள் முறிந்து நுரையீரல் சுருங்கிவிட்டது, மார்பில் குழாய் போட்டுக் காற்றை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போது வலியில் ராத்திரி தூக்கமே இல்லை. கூடத் தங்கியிருக்கும் நண்பர் "இங்கதான் சட்டப்படி கிடைக்குதே, ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் படு" என்கிறார். எடுக்கலாமா, எடுத்தால் பிஆருக்கு (நிரந்தரமாக இங்கே வாழும் உரிமைக்கு) ஏதும் வில்லங்கம் வருமா, அடுத்து ஊருக்குப் போகும்போது கையில் கொஞ்சம் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது, இதே மாதிரி விலா முறிந்து நுரையீரல் சுருங்கிய என் கணவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இழுப்பு விஷயம். வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. கஞ்சா புகையிலும் சிகரெட் புகை போலவே தாரும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. "இது இயற்கை, மூலிகை" என்று நண்பர் சொல்லலாம். எந்த இலையை எரித்தாலும் வருவது புகைதான். இதில் இழுக்கும் விதமும் சேர்ந்துகொள்கிறது. சிகரெட்டை இழுத்ததும் விட்டுவிடுவார்கள். கஞ்சாவை ஆழமாக இழுத்து, போதை ஏறட்டும் என்று மூச்சை அடக்கி வைப்பார்கள். 1988இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சிகரெட்டோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் ஏறும் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய 5 மடங்கு, உள்ளே போகும் தார் சுமார் 3 மடங்கு. நல்ல நுரையீரலுக்கே இது ஆகாது.

உங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் அழுத்தம். மூச்சை அடக்கி நெஞ்சை இறுக்கும்போது நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகளில் அழுத்தம் கூடுகிறது. உடம்பில் எந்த அடியும் படாத இளைஞர்களுக்கே இப்படி இழுத்து நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று கசிந்து மருத்துவமனைக்கு வந்த கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உங்களுடையது இப்போதுதான் மூடிக்கொண்டிருக்கிற ஓட்டை. பஞ்சர் ஒட்டிய ட்யூபை அது காயும் முன்பே பம்ப் வைத்து அடிக்கிற வேலை அது. இதற்கு மேல் ஒவ்வொரு இழுப்புக்கும் ஓர் இருமல் வரும். முறிந்த விலாவோடு இருமினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ வேப் பண்ணலாமா, அதுல புகை இல்லையே?" என்று, எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவியைப் பற்றி அடுத்த கேள்வி வரும். அதுவும் வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 2,807 பேர் அனுமதி, 68 பேர் மரணம். பெரும்பாலானவர்கள் பிடித்தது, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி கலந்த வேப். எண்ணெயைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அவற்றில் பெரும்பகுதி கள்ளச் சரக்கு, நான் சட்டப்படி விற்கிற இடத்தில் வாங்குகிறேன் என்று வாதாடலாம். வாதம் சரிதான். ஆனாலும் ஆறுகிற நுரையீரலுக்குள் காற்றைத் தவிர எதையும் அனுப்ப இது நேரமில்லை.

இப்போது வலியைப் பற்றி. வலி மாத்திரையை ஏன் கொடுத்தார்கள் என்று உங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் காகிதத்தை நீட்டியிருப்பார்கள். நிம்மதியாகப் படுத்துக் கிடக்க மட்டும் அல்ல அது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. இருமலை அடக்கினால் சளி அங்கேயே தேங்கும். தேங்கிய சளியில் கிருமி பிடித்து நிமோனியா வரும். விலா முறிந்தவர்களை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது பல சமயம் இந்த நிமோனியாதான். அதனால் வலி மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு என் கணக்கு ஒன்றுதான்: அதைப் போட்ட பிறகு ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா, இரும முடிகிறதா?

என் கணவருக்கு ஊதுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். உண்மையில் அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளிழுத்தால் பிஸ்டன் மேலே ஏறும். வீட்டுக்கு வந்த புதிதில் அது கீழ்க் கோட்டைத் தாண்டவே தாண்டாது. மனுஷன் முகம் கோணிப்போகும். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து அதே கருவியைக் கொடுத்தேன். பிஸ்டன் மேலே ஏறியது. பிறகு மாத்திரை நேரத்தை வைத்தே பயிற்சி நேரத்தை வைத்துக்கொண்டோம். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்து, முறிந்த பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். செய்து பாருங்கள், வலி பாதியாகத் தெரியும். படுக்கையைத் தட்டையாக வைக்காமல் முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்து தூங்குவதும் ராத்திரி வலிக்கு நல்லது.

இவ்வளவும் செய்தும் தூக்கம் வரவில்லை என்றால், உங்களுக்குக் கொடுத்த வலி மருந்து போதவில்லை என்று பொருள். புதிதாக வந்த நம் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: டாக்டரிடம் போய் "இன்னும் வலிக்கிறது" என்று சொல்லக் கூச்சம், மருந்துக்கு அடிமை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம், அதனால் சொல்லாமலே வேறு வழி தேடுவது. சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், வேளையை மாற்றலாம், ஒன்றோடு இன்னொன்றைச் சேர்க்கலாம், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிகூட இருக்கிறது. ஃபேமிலி டாக்டர் இன்னும் அமையவில்லை என்றால் அறுவை சிகிச்சைப் பிரிவின் மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக் போதும். பெரும்பாலான மாகாணங்களில் சுகாதார உதவி எண்ணான 811க்கு அழைத்தால் நர்ஸ் ஒருவர் பேசுவார்.

சரி, வாய்வழியாக எடுக்கும் கஞ்சா எண்ணெயோ, கஞ்சா கலந்த கம்மி மிட்டாயோ? நுரையீரலுக்கு அதனால் நேரடித் தீங்கு இல்லை என்பது உண்மை. வலிக்கு உதவுமா என்றால், பல மாதமாக நீடிக்கும் வலிக்குக் கொஞ்சம் உதவலாம் என்றுதான் இதுவரை ஆராய்ச்சி சொல்கிறது. 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், மற்ற சிகிச்சை போதாத நாள்பட்ட வலிக்கு, மூச்சில் இழுக்காத வகைக் கஞ்சாவை முயன்று பார்க்கலாம் என்று தயக்கத்தோடுதான் பரிந்துரைத்தது. அதிலும் "மூச்சில் இழுக்காத" என்பதைக் கவனியுங்கள். அடிபட்ட புதிதில் வரும் கடும் வலிக்கு இது கைகொடுக்கும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. நீங்கள் இப்போது இருப்பது அந்தக் கட்டத்தில். எலும்பு கூடிய பிறகும் விலா இடுக்கில் எரிச்சலும் சுரீர் வலியுமாக மாதக்கணக்கில் நீடித்தால், அது நரம்பு வலியாக இருக்கலாம்; அப்போது டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

உங்கள் மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் நான் பேசக்கூடாது, ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விலா முறிவுக்கு ஹைட்ரோமார்ஃபோன் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) கொடுத்திருப்பார்கள், கூடவே நரம்பு வலிக்கான கபாபென்டினும் இருக்கலாம். இவை மயக்கம் தருபவை, ஓபியாய்டு மூச்சின் வேகத்தையே குறைக்கும். அதன் மேல் கஞ்சாவும், அதற்கும் மேல் ஒரு பியரும் சேர்ந்தால், ஏற்கெனவே அரைகுறையாக மூச்சு விடும் ஆள் ராத்திரி எப்படித் தூங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கஞ்சா அதன் வீரியத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். கஞ்சாவின் இன்னொரு பொருளான சிபிடி மட்டும் உள்ளதுதானே, போதை இல்லையே என்று நினைக்க வேண்டாம். கல்லீரல் மருந்துகளைக் கரைக்கும் வேலையில் குறுக்கே நிற்பதில் சிபிடிக்கும் பங்கு உண்டு.

கம்மி மிட்டாயில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் நேரம். புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். தின்றால் அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது, உச்சத்துக்கு வர 4 மணி நேரம்கூட ஆகலாம். கல்லீரலில் டிஎச்சி இன்னும் வீரியமான பொருளாக மாறித்தான் மூளைக்குப் போகிறது. "ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொன்றை வாயில் போட்டவர்கள்தான் நெஞ்சு படபடவென்று அடிக்க அவசர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்திருப்பார்கள். கனடாவில் ஒரு பாக்கெட்டில் 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம், பழக்கமில்லாதவர் 2.5 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்க வேண்டும் என்பது ஹெல்த் கனடாவின் அறிவுரை. பிறகு எப்போதாவது டாக்டர் சரி என்றால் இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள். தலைசுற்றி விழுந்தால் போவது அதே விலாதான்.

ஏற்கெனவே ரெண்டு இழுப்பு இழுத்தாயிற்று என்றால், ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இங்கே டாக்டர் அதைப் போலீசுக்கோ குடிவரவுத் துறைக்கோ எழுதிப் போட மாட்டார், சட்டப்படி வாங்கியதை எடுப்பது குற்றமும் இல்லை. மறுபடி குழாயோ அறுவை சிகிச்சையோ தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். தொடர்ந்து கஞ்சா எடுப்பவர்களுக்கு மயக்க மருந்தின் அளவே மாறலாம்.

இனி பிஆர். 2018 அக்டோபர் 17 முதல் இங்கே கஞ்சா சட்டப்படி செல்லும். தின்கிற வகைகள் அதற்கு ஒரு வருடம் கழித்து வந்தன. வயது வரம்பு பெரும்பாலான மாகாணங்களில் 19, ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. பொது இடத்தில் 30 கிராம் காய்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம். இதனால் மட்டும் பிஆருக்கு ஒன்றும் ஆகாது. வில்லங்கம் இருப்பது ஸ்டியரிங்கில். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே குற்றம், 5ஐத் தொட்டால் இன்னும் கடுமை. டாக்டர் சீட்டு வைத்திருப்பதும் இதற்குக் கவசமாகாது. 2018 டிசம்பர் 18 முதல் போதையில் ஓட்டும் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 10 வருடம் ஆனது, அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது "கடுங்குற்றம்" என்ற பெட்டிக்குள் போய்விட்டது. நாம் இங்கே பிறந்தவர்கள் இல்லை, தம்பி. குடியுரிமை உள்ளவர் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டு போய்விடலாம். பிஆரோ பெர்மிட்டோ வைத்திருப்பவருக்கு நாட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கை வரை அது நீளலாம். ஒன்டாரியோவில் ஜி2 உரிமத்தில் (முழு உரிமத்துக்கு முந்தைய நிலை) ஓட்டுகிறீர்கள் என்றால் பொழுதுபோக்குக் கஞ்சாவுக்கு அளவே கிடையாது, பூஜ்யம். வேலையில் கிரேன், ஃபோர்க்லிஃப்ட் மாதிரி ஏதாவது ஓட்டுபவர் என்றால் இன்னொரு தலைவலி, வேலையிடத்தில் வைக்கும் போதைச் சோதனை: டிஎச்சியின் தடயம் சிறுநீரில் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நிற்கும்.

ஊருக்குக் கொண்டுபோவது? ஒரு துண்டு மிட்டாய்கூட வேண்டாம், சிபிடி எண்ணெயும் வேண்டாம். கனடாவிலிருந்து வெளியே எடுத்துப்போவதும் உள்ளே கொண்டுவருவதும் இரண்டுமே குற்றம், மருத்துவச் சீட்டு இருந்தாலும்தான். பக்கத்து அமெரிக்க மாநிலத்தில் சட்டப்படி விற்றாலும் எல்லையில் செல்லுபடியாவது அவர்களின் மத்தியச் சட்டம். இந்தியாவில் 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. நடுவில் விமானம் மாறுகிற வளைகுடா நாடுகளையும் சிங்கப்பூரையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஊருக்குப் போவதாக நீங்களே சொன்னதால் கேட்கிறேன், விமானத்தில் ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாரா? உள்ளே காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலையில் இருப்பது மாதிரி குறைந்துவிடும். நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் அங்கே அது விரியும். நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகும், காயத்தால் சுருங்கியதென்றால் இன்னும் 2 வாரம் பொறுக்கச் சொல்வது வழக்கம். டிக்கெட் போடும் முன் அந்த எக்ஸ்ரேயை எடுத்துவிடுங்கள். அதற்குள் திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, காய்ச்சலோடு பச்சைச் சளியோ ரத்தமோ வந்தாலோ யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் 911ஐ அழைத்துவிடுங்கள்.