நடையா, ஓட்டமா? – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நடைப்பயிற்சியையும் ஓட்டத்தையும் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு பொருளுக்கே இம்முறை பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

என் வயது 46, வங்கியில் பணி. நான்கு ஆண்டுகளாகக் காலையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையை நண்பர்களோடு இரண்டு முறை சுற்றி வருகிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், “நடப்பதெல்லாம் தாத்தாக்களுக்கு, ஓடினால்தான் இதயத்துக்கு நல்லது” என்கிறான். எடையும் குறைந்தபாடில்லை. நான் ஓடத்தான் வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அரை மணி நேரம் நடப்பவரையும் அதே அரை மணி நேரம் ஓடுபவரையும் ஒப்பிட்டால், ஓட்டம் உடலிடம் ஏறக்குறைய இரு மடங்கு வேலை வாங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதே கணக்கில்தான், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உடலுழைப்போ வேண்டும் என்கிறது. விரைவு நடை முதல் வகையைச் சேர்ந்தது. ஓட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நேரம் இல்லாதவருக்கு ஓட்டம் லாபம் என்பதுதான் இதன் பொருளே தவிர, நடப்பவரின் இதயத்துக்குப் பயன் இல்லை என்பது அன்று.

லண்டன் பேருந்துப் பணியாளர்களைப் பற்றி மருத்துவர் ஜெரமி மோரிஸும் அவருடைய குழுவினரும் 1953-இல் வெளியிட்ட ஆய்வை நான் நோயாளிகளிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. அந்த வேலையில் ஓட்டம் என்பதே கிடையாது. பிற்காலத்தில் அமெரிக்காவில் 33,060 ஓட்டக்காரர்களையும் 15,945 நடைப்பயிற்சியாளர்களையும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வகையில் காட்டியது. இரு சாராரும் செலவழித்த ஆற்றல் சமமாக இருந்தபோது, உயர் ரத்த அழுத்தம், மிகைக் கொழுப்பு, சர்க்கரை நோய் ஆகியவை வரும் வாய்ப்பு இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது.

ஆகவே நான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தப் பாதையின் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறீர்கள்? ஐம்பது நிமிடம் என்றால் அது நல்ல விரைவு நடை. உங்கள் பயிற்சியில் நான் மாற்றச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றேகால் மணி நேரம் என்றால் அது உலாவுதல்தான். மனத்துக்கு இதம், ஆனால் நான்கு ஆண்டு பழகிய உடலுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது. நாளைக் காலை கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நூறு அடியாவது இருக்க வேண்டும். நண்பரோடு பேச முடிய வேண்டும்; ஆனால் பாட்டுப் பாட முயன்றால் மூச்சு இடறி வரி அறுந்துபோக வேண்டும். என் நோயாளிகளில் பலர் பேச்சு சுவைபட வளர வளரத் தங்களை அறியாமலே நடையைத் தளர்த்திவிடுகிறார்கள். கூட்டமாக நடப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிப்பது நல்லது.

எடையைப் பொறுத்தவரை, 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் தோராயமாக 250 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் சர்க்கரை போட்ட தேநீரும் இரண்டு வடையும் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். எடை குறைய வேண்டுமானால் தட்டில் கை வைக்காமல் முடியாது. எடை இறங்காவிட்டாலும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உங்கள் நடை நல்லதே செய்துகொண்டிருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஓட விருப்பம் இருந்தால் தாராளமாக ஓடலாம். புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், முதலில் மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு ஐந்து நிமிட நடைக்கு ஒரு நிமிட மெல்லோட்டம் என்று தொடங்குங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 53 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரையோடு இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறேன். சில மாதங்களாகப் பாதம் மரத்துப்போனதுபோல் இருக்கிறது. என்னைவிட மூத்த பெண்கள் மாரத்தான் ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஓடலாமா அம்மா?
– வாசகி, கும்பகோணம்

இப்போது வேண்டாம் அம்மா. உங்கள் ஆசையை மதித்துத்தான் இதை இவ்வளவு நேராகச் சொல்கிறேன். பாதம் மரத்திருப்பது, நீண்ட காலச் சர்க்கரையால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். வலி என்பது நம் காலுக்குக் காவல். அந்தக் காவல் இல்லாத காலோடு ஓடுவது ஆபத்து. உங்கள் வயதை ஒத்த ஒரு பெண்மணி சில ஆண்டுகளுக்கு முன் என் மருத்துவமனைக்கு வந்திருந்தார். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். காலணியைக் கழற்றச் சொன்னபோது காலுறையின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரத்தம் உறைந்திருந்தது; காலணிக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு ஜல்லிக்கல் கிடந்தது. அந்த ஒரு மணி நேரமும் அது உறுத்தியதே அவருக்குத் தெரியவில்லை. புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று.

எனவே முதலில் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் நடக்காதீர்கள். விரல்களை நெருக்காத, முன்பக்கம் அகன்ற ஷூவும் பருத்திக் காலுறையும் அணியுங்கள். அணியும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வழக்கத்தை விடாதீர்கள். இன்சுலின் எடுத்துக்கொள்பவர் என்பதால் சிறு பொட்டலத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை எப்போதும் கையில் இருக்கட்டும். படபடப்பும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே அதை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

பாதத்தில் புண் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, சமதளத்தில் நடப்பது உங்களுக்கு மிகவும் நல்லது. அதிலும் சாப்பிட்டபின் நடப்பதற்குத் தனிப் பயன் உண்டு. மூன்று வேளை உணவுக்குப் பிறகும் பதினைந்து பதினைந்து நிமிடம் வீட்டு வாசலிலோ மாடியிலோ நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை அடங்குகிறது. வேலை செய்யும் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமே இழுத்துக்கொள்வதுதான் இதற்குக் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும் தம்பியோ மகளோ இருந்தால் அவர்களையும் உடன் நடக்க வையுங்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் அத்தகைய 531 பேரிடம் நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மாற்றமும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரை மணி நேரம் விரைவாக நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே பயன்தான் கிடைத்தது. நம் ஊர் உணவை உண்டு, நம் ஊர்த் தெருக்களில் நடந்தவர்கள் தந்த முடிவு என்பதால் இதன்மீது எனக்குத் தனி நம்பிக்கை உண்டு.

‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் பாதை 8 கிலோமீட்டர் என்கிறார்கள். முழுவதையும் ஒரே மூச்சில் நடந்தால்தான் பயனா?
– வாசகர், சேலம்

இல்லை. 8 கிலோமீட்டரை விரைவாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது அதிகம். குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை அந்த நிபந்தனையையே கைவிட்டுவிட்டது. பாதியில் திரும்பி வாருங்கள். மீதியை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது 29, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நேரம் கிடைப்பதே அரிது என்பதால் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரத்திலிருந்தே தினமும் 5 கிலோமீட்டர் ஓடினேன். மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலி தொடங்கி, இப்போது படி இறங்கவே சிரமமாக இருக்கிறது. ஓட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகர், சென்னை

ஓட்டம் ஒத்துக்கொள்ளும், நீங்கள் கொடுத்த வேகம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நடக்கும்போது ஏதேனும் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் இடையில் இரு கால்களும் காற்றில் இருக்கும். அப்படி எழும்பி இறங்கும் உடல், தன் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையோடு ஒற்றைக் காலில் இறங்குகிறது. நடையில் அது உடல் எடையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் இந்தப் புதிய வேலைக்குத் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேறுவதற்கு மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லை, ஆகவே இன்னும் ஓடலாம் என்று மனம் சொல்லும்போது எலும்பு இன்னும் ஆயத்தமாகாமல் இருக்கும். புதிதாக ஓடுபவர்களில் பெரும்பாலானோர் அடிபடுவது இந்த இடைவெளியில்தான்.

வலிக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்குப் பரவி வலித்தால், அது தசையும் எலும்புறையும் வீங்கியதால் வந்த வலியாக இருக்கலாம். இரண்டு மூன்று வார ஓய்வில் பெரும்பாலும் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலி விடாவிட்டாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும். அப்படியானால் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஒரு நாள்கூட ஓடக் கூடாது.

வலி முழுவதும் நின்றபின், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று இருபது நிமிடம் செய்யுங்கள். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். 55,137 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்குக்கூட, ஓடாதவர்களைவிட இதய நோயால் இறக்கும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. நேரமில்லாத உங்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. தினமும் 5 கிலோமீட்டர் என்ற கட்டாயத்தை யாரும் உங்கள்மீது சுமத்தவில்லை.

என் கணவருக்கு 58 வயது. இருபது ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறார். எந்த உபாதையும் இல்லை. “மூட்டு தேய்ந்துவிடும், நிறுத்தச் சொல்” என்று உறவினர்கள் எல்லாரும் என்னைப் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, மதுரை

நிறுத்தச் சொல்ல வேண்டாம். மூட்டு என்பது ஓட ஓடத் தேயும் வண்டிச் சக்கரம் அன்று. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அதற்கு ஊட்டம் சென்று சேர்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கும், உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 பேருக்கும், போட்டிக்காக ஓடும் வீரர்களில் 13.3 பேருக்கும் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. அளவாக ஓடுபவரின் மூட்டுதான் மூவரிலும் நன்றாக இருக்கிறது. ஓடிய மறுநாள் முழங்கால் வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ மட்டும் மருத்துவரைப் பார்க்கட்டும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 71. மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. எவ்வளவு முயன்றாலும் 6,000-ஐத் தாண்ட முடியவில்லை. இரவில் அது இலக்கை எட்டவில்லை என்று காட்டும்போது மனம் சோர்ந்துவிடுகிறது. இந்த நடையால் பயன் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

ஐயா, அந்த 10,000 என்ற எண் எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு மறு ஆண்டான 1965-இல் ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயரை வைத்தது. அந்த விற்பனைப் பெயர்தான் உலகம் முழுவதும் விதியாகிவிட்டது. ஏறத்தாழ உங்கள் வயதை ஒத்த 16,741 பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பயன் ஏதும் தென்படவில்லை. 6,000 அடி நடக்கும் நீங்கள் சோர்வடையக் காரணமே இல்லை.

உங்கள் வயதில் நான் அதிகம் கவலைப்படுவது கீழே விழுவதைப் பற்றித்தான். அதற்கு நடை மட்டும் போதாது. வாரத்தில் மூன்று நாளாவது சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமருங்கள். விடியுமுன் இருட்டில் நடக்கப் போக வேண்டாம். தெரு நாயும் மேடு பள்ளமும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டால் போதும். கடிகாரத்தில் இலக்கை மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருக்கும். 6,000 என்று மாற்றித் தரும்படி மகனிடம் இன்றே சொல்லுங்கள்.